பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு உடை, மேக்கப் உதவிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

மகள் ஒன்றாம் வகுப்பு, குழு நடனத்தில் 24 பிள்ளைகள், உதவிக்கு நான்கு பெற்றோர் என்று எழுதியிருக்கிறீர்கள். கிராமிய நடனம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒன்றாம் வகுப்பென்றால் பெரும்பாலும் அதுதான்: பெண் பிள்ளைகளுக்குப் பாவாடையோ தைத்த கண்டாங்கியோ, பையன்களுக்கு வேட்டியும் தலைப்பாகையும்.

முதலில் ஒன்று. மேடைக்குப் பின்னால் நிற்பவர் தன் பிள்ளை ஆடுவதைப் பார்க்க முடியாது. பக்கத் திரையோரம் நின்றால் முதுகும் பாதி வரிசையும்தான் தெரியும். பார்க்கிற வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். மனது கேட்காது என்றால் இப்போதே பெயரை எடுத்துவிடலாம், தப்பில்லை. பாட்டு ஆரம்பித்ததும் போனைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடுகிறவரால்தான் பின்னால் எல்லாம் கெடுகிறது.

நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு எளிய மேக்கப் 8 நிமிடம். 24 பிள்ளைக்கு 192 நிமிடம். நான்கு பேர் என்று பெயர்தானே தவிர, ஒருவர் எந்நேரமும் கழிவறைக்கும் தண்ணீருக்கும் ஓடிக்கொண்டிருப்பார். மீதி மூன்று பேருக்கு 64 நிமிடம். உடைக்குத் தனியாக முக்கால் மணி நேரம். ஆக, மேடையேறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கை வைத்தால் போதும். மதியமே வேஷம் கட்டி உட்கார வைத்தால் வியர்வையில் பாதி கரைந்துவிடும். ஆளுக்கொரு பிள்ளை என்று உட்காராமல், ஒருவர் முகப்பூச்சு, ஒருவர் கண்ணும் பொட்டும், ஒருவர் தலையும் நகையும் என்று பிரித்துக்கொண்டால் எல்லா முகமும் ஒரே மாதிரி வரும்.

வரிசை இப்படி: சாப்பாடு, கழிவறை, உடை, முகம், நகை, கடைசியாக உதட்டுச்சாயம். தலைவழியே மாட்டுகிற உடையை மேக்கப்புக்குப் பிறகு மாட்டினால் கழுத்துப்பட்டி முழுக்க அப்பிக்கொள்ளும். சாப்பாட்டுக்கு இட்லி, சாண்ட்விச் போல உதிராதது. வேஷம் கட்டின பிறகு தண்ணீர் மட்டும், அதுவும் ஸ்ட்ரா போட்டு. கலர் ஜூஸ் கொண்டுவருகிற தாத்தா பாட்டியை வாசலிலேயே நிறுத்துங்கள்.

பான்கேக் என்கிற, ஈர ஸ்பாஞ்சால் தொட்டுப் பூசும் கட்டி முகப்பூச்சில் தவறு நடப்பது ஸ்பாஞ்சில். நனைத்து நன்றாகப் பிழிய வேண்டும். ஈரம் அதிகமானால் கோடு கோடாக இறங்கும், குறைந்தால் மாவு மாதிரி நின்று சிரிக்கும்போது வெடிக்கும். அடியில் லேசாக மாய்ஸ்சரைசர். கழுத்துக்கும் சேர்த்துப் பூசுங்கள். தயவுசெய்து பிள்ளையின் நிறத்திலேயே பூசுங்கள். இரண்டு படி வெளுப்பாக அடிப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. மேடை விளக்கில் முகம் தனியாகவும் கை தனியாகவும்தான் தெரிகிறது. எந்தப் பூச்சானாலும் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்குத் தகவல் அனுப்புங்கள். கண்மை வீட்டிலிருந்து அவரவருடையது வரட்டும். ஒரே குச்சியை 24 கண்ணில் ஓட்டினால், ஒரு பிள்ளைக்கு கண்வலி இருந்தால்கூட சில நாளில் வகுப்பே சிவந்த கண்ணோடு வரும். கைவேலைக்கு விற்கிற ஜிகினாத் தூளைக் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது கருவிழியைக் கீறிவிடும். மீசைக்குப் புருவப் பென்சில் போதும். ஒட்டு மீசை வியர்வையில் பாதி தொங்கும், பையன் அதைப் பிடித்துக்கொண்டே ஆடுவான்.

இனி ஊக்கு. ஆளுக்கு ஆறு என்று வைத்து 150 எடுத்துக்கொள்ளுங்கள், சின்னதும் பெரியதுமாக. சாட்டின் துணியை மட்டும் பிடித்துக் குத்தினால் முதல் சுற்றிலேயே கிழியும். உள்ளே இருக்கிற பனியனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். துணிக்கும் தோலுக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் இருக்கட்டும். குத்தினால் உங்கள் விரலில் குத்தட்டும். தோளில் குத்தும்போது கூர்முனை கழுத்தைப் பார்க்கக் கூடாது. வேட்டிக்கு அடியில் கட்டாயம் ஒரு எலாஸ்டிக் கால்சட்டை, மேலே துண்டை இடுப்பில் இறுக்கி முடிச்சு. மேடையில் வேட்டி அவிழ்ந்த பையனை ஊரே சிரித்து வீடியோ எடுக்கும், அவன் அடுத்த வருடம் மேடைப்பக்கமே வரமாட்டான். தலைப்பாகை பெரிதாக இருந்தால் உள்ளே கைக்குட்டையை மடித்து வைக்கலாம். சலங்கை என்றால் கணுக்காலில் ஒரு துணிப்பட்டை சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள்.

வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளைகள் என்பதால் மேடையை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். அலங்காரக்காரர் சிந்திய ஸ்டேப்ளர் கம்பி, ஒட்டுப்பலகையில் தலைநீட்டிய ஆணி, படியோரம் தூக்கிக்கொண்டிருக்கும் கம்பள விளிம்பு, இந்த மூன்றும் அநேகமாக இருக்கும்.

நெருப்பைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். நிஜ அகல்விளக்கு, தீச்சட்டி, கற்பூரம் எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்க விடாதீர்கள். வாடகை உடை பெரும்பாலும் பாலியஸ்டர், நைலான். பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். பேட்டரி விளக்கு சல்லிசாகக் கிடைக்கிறது. ‘கிராமத்துக் குடிசை’ என்று கீற்றும் வைக்கோலும் வைத்துப் பக்கத்திலேயே ஹாலஜன் விளக்கு மாட்டினால் எடுக்கச் சொல்லுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், கீற்றுக்கூரை போட்ட பள்ளியில் பிடித்த தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. ‘ஓவராகப் பயப்படுகிறார்’ என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாட்டு உங்கள் பொறுப்பு இல்லைதான், ஆனாலும் பென் டிரைவில் ஒரு பிரதி, போனில் ஒரு பிரதி வைத்திருங்கள். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சர் கருவி பழையதாக இருந்தால், ஃபேட்32 (FAT32) என்ற வடிவில் ஃபார்மேட் செய்யாத டிரைவைப் படிக்காது. போனிலிருந்து ஓட்டுவதாக இருந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடு நடனத்தில் யாரோ கூப்பிடும் ரிங்டோன் ஊருக்கே கேட்கும்.

ஒரு பிள்ளை அழுது மேடையேற மறுத்தால் தள்ளாதீர்கள். அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். மற்றவர்களை நகர்த்தி நிரப்பினால், பக்கத்தில் யார் என்று பார்த்து இடம் பழகிய பிள்ளைகள் அத்தனை பேரும் குழம்பிவிடுவார்கள்.

‘பணம் கட்டுகிறோம், இதெல்லாம் டீச்சர் வேலை’ என்று கீழே கருத்து வரும். நியாயம்தான். ஆனால் அந்த டீச்சர் அந்த நேரத்தில் மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கையை ஆட்டி அசைவு காட்டிக்கொண்டிருப்பார். பின்னால் வேறு ஆள் வேண்டாமா? நாலு பேர் என்றால் நாலும் அம்மாக்களாகவே இருப்பது ஏன் என்றும் யாராவது கேட்கலாம். தலைப்பாகை கட்ட அப்பாக்களுக்கும் கை இருக்கிறது.

என் கோபமெல்லாம் சிறப்பு விருந்தினர்கள் மேல்தான். ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டு ஏழரைக்கு வந்து, பொன்னாடை, நினைவுப்பரிசு, முக்கால் மணி நேரப் பேச்சு. ஆறு வயசுப் பிள்ளைகள் இறுக்கிக் கட்டின இடுப்போடு தூங்கி வழிவார்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருப்பதால், கடைசியில் வெட்டுப்படுவது பேச்சு இல்லை, நடனம். முடிந்தால் சின்ன வகுப்புகளைப் பேச்சுகளுக்கு முன்னால் போடச் சொல்லிப் பள்ளியில் இப்போதே கேளுங்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள்.

ஆடி முடித்ததும்தான் ஆபத்தான நேரம். இருட்டு, கூட்டம், எல்லாப் பிள்ளையும் ஒரே உடையில். 24 பெயரும் உள்ள தாள் ஒன்று, அழைத்துப்போகிறவர் கையெழுத்து, பள்ளி கொடுத்த அடையாள அட்டை. ‘நான் அவன் சித்தப்பாதான்’ என்றால் போதாது, பையனின் பெற்றோருக்கு ஒரு போன் போடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. மேக்கப் கலைக்கத் தேங்காய் எண்ணெயும் பஞ்சும், பிறகு குளியல் என்று சொல்லி அனுப்புங்கள். வெறும் சோப்புப் போட்டுத் தேய்த்தால் முகம் எரியும்.

உடை வாடகைக்கு எடுத்தது என்றால், வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் ஒவ்வொரு செட்டையும் பிரித்துப் போட்டோ எடுங்கள். ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, மேல்கையில் போடும் வங்கி இவைதான் தொலையும், முன்பணத்தில் பிடிப்பதும் இவற்றுக்குத்தான். முடிந்த அன்றே பிள்ளை பெயர் எழுதின கவரில் நகையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். துணியைத் துவைக்க வேண்டாம், சாயம் இறங்கினால் அதற்கும் பணம் கேட்பார்கள். நிழலில் ஒரு இரவு உலர்த்திக் கொடுத்தால் போதும்.