இரு நாடுத் தீர்வு என்றால் என்ன? அது ஏன் இன்னும் கைகூடவில்லை?

இஸ்ரேல் ஒரு நாடு. பாலஸ்தீனியர்கள் வாழும் மேற்குக் கரையிலும் காசாவிலும் பாலஸ்தீனம் என்று பக்கத்திலேயே இன்னொரு நாடு. இதைத்தான் இரு நாடுத் தீர்வு என்கிறார்கள்.

1993இல் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராபத்தும் கைகுலுக்கிய ஆஸ்லோ ஒப்பந்தம், எல்லை, ஜெருசலேம், அகதிகள், மேற்குக் கரையிலும் காசாவிலும் இஸ்ரேலியர்கள் அமைத்த யூதக் குடியிருப்புகள் என்று கடினமானதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. பாகப்பிரிவினையில் பூர்வீக வீட்டையும் கிணற்றையும் அப்புறம் பேசலாம் என்று விட்டு, அதற்குள் ஒருவர் அங்கே சுவர் எழுப்பிவிட்டால் என்ன ஆகும்? மேற்குக் கரையில் அதுதான் நடந்தது. பேச்சு நடக்கும்போதே குடியிருப்புகள் பெருகின. இன்றும் அதன் நிலத்தில் சுமார் 60 சதவீதம் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எதிர்த்த பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் இஸ்ரேலியப் பேருந்துகளில் குண்டு வைத்தது. 1995இல் ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே சுட்டுக் கொன்றான்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது பயம். இஸ்ரேல் உருவான 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனியர்கள் வீடிழந்தார்கள். அந்த வீட்டின் பழைய இரும்புச் சாவியைப் பல குடும்பங்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கின்றன. அவர்கள் எல்லோரும் திரும்பினால் சொந்த நாட்டிலேயே சிறுபான்மையாகிவிடுவோம் என்று இஸ்ரேலிய யூதர்கள் அஞ்சுகிறார்கள். 2023 அக்டோபர் 7இல் இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள்; அதன் பின் இஸ்ரேல் நடத்திய போரில் காசாவில் பல்லாயிரம் பேர். என்னைக் கேட்டால் இரண்டு பயமும் நிஜம்.

சரி, இது ஆயிரக்கணக்கான ஆண்டு மதச் சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; ஒரே நிலத்துக்கு இரண்டு தேசிய இயக்கங்கள் உரிமை கோரியதில், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் மூண்டது இது.