பெல்ட்டின் மேல் ஒரு பனிமலை

(வீட்டுக் கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின் பொறியாளர் அம்மா பதில் சொல்கிறார்.)

மகன் விடுமுறைக்கு வந்தபோது, கண்ணை மூடி மாட்டினால் மெய்நிகர் உலகத்தைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டில் டிரெட்மில் சும்மா கிடக்கிறது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதன் மேல் நடந்தால் விளையாட்டுக்குள்ளேயே நடப்பதுபோல் இருக்குமா? ஆபத்து ஏதும் உண்டா அம்மா?
– 56 வயது வாசகி, ஈரோடு

இருக்கும். ஆபத்தும் உண்டு. இரண்டையும் பட்டறிந்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டு டிரெட்மில் நான்கு ஆண்டுகளாக என் கணவரின் வேட்டியைக் காயவைத்துக்கொண்டிருந்தது. போன ஆடி மாதம் அண்ணன் மகன் வந்து வேட்டியை எடுத்து ஓரமாகப் போட்டான். தன் கணினியையும் ஹெட்செட்டையும் பக்கத்தில் வைத்து, ஸ்கைரிம் என்ற விளையாட்டின் வி.ஆர். வடிவத்தை ஓடவிட்டு, “அத்தை, ஏறி நில்லுங்கள்” என்றான்.

சாதாரண வீட்டு டிரெட்மில்லுக்கும் விளையாட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கீழே பெல்ட் தன் பாட்டுக்கு ஓடும். கண் முன்னால் காடு தன் பாட்டுக்கு நகரும். இரண்டையும் சேர்த்துவைக்கும் தரகர் உங்கள் கட்டைவிரல்தான். பெல்ட்டை மணிக்கு 3 கிலோமீட்டரில் வையுங்கள். நிமிடத்துக்கு 50 மீட்டர், கோயில் பிராகாரம் சுற்றும் வேகம். பிறகு கையிலிருக்கும் ஜாய்ஸ்டிக்கைப் பாதி அளவு முன்னால் தள்ளினால் விளையாட்டிலும் நடை தொடங்கும். முழுதாகத் தள்ளினால் அங்கே ஓட்டம். காலில் நடை, கண்ணில் ஓட்டம் என்றால் வயிறு பொறுக்காது. இரண்டு வேகமும் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. பொருந்திய அந்த நிமிடம் பெல்ட் மறந்துபோனது. மோட்டார் சத்தம்கூட ஆற்றுச் சத்தமாகக் கேட்டது என்றால் என் கணவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

விரலுக்கு வேலை வேண்டாம் என்றால், கை வீச்சையும் கால் அசைவையும் ஜாய்ஸ்டிக் தள்ளலாக மாற்றித் தரும் நேச்சுரல் லோகோமோஷன் போன்ற மென்பொருள் கணினிக்கு உண்டு. ஆப்டிகல் மவுஸை பெல்ட்டுக்கு மேல் பொருத்தி, பெல்ட் ஓடும் வேகத்தையே விளையாட்டுக்கு ஊட்டுகிற கில்லாடிகளும் இருக்கிறார்கள். எனக்குக் கட்டைவிரல் போதும்.

பாதை திரும்பும் இடத்தில்தான் வம்பு. பெல்ட்டுக்குத் தெரிந்த திசை ஒன்றே. விளையாட்டில் சாலை வலப்பக்கம் வளைந்தால் உங்கள் உடம்பும் வளையும். எங்கள் பெல்ட்டின் அகலம் 42 சென்டிமீட்டர், மூன்றாவது எட்டில் கால் ஓரச் சட்டத்தில் இருக்கும். ஆகவே உடம்பைத் திருப்பாதீர்கள், ஜாய்ஸ்டிக்கால் காட்சியைத் திருப்புங்கள். வளைவில்லாத பாதையிலும், கண் மறைந்திருப்பதால் கால் மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருந்தால் உடம்புக்கு நடு எது என்று தெரியும்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டில் ஐவர்ஸ்டெட் என்று ஒரு மலையடிவாரக் கிராமம். அங்கிருந்து மலைமேல் இருக்கும் மடத்துக்கு 7,000 படிகள் என்பது கதை. கட்டிவைத்திருப்பது அதைவிட மிகக் குறைவு. பழனிப் படி ஏறிய திமிரில் நான் டிரெட்மில்லின் சாய்வையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். பனி பெய்கிறது, காற்று ஊளையிடுகிறது, சொர்க்கமாக இருந்தது. ஒரு பாறை இடுக்கில் வெள்ளை ரோமத்தோடு ஓர் அரக்கன் எழுந்து நின்றான். நான் பின்னால் குதித்தேன். பின்னால் போவதுதான் பெல்ட்டின் வேலையும்! இருவரும் ஒரே திசையில் போனோம். இடுப்பில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு, டிரெட்மில்லில் செருகியிருந்த சாவியை இழுத்ததால் பெல்ட் நின்றது. முழங்கால் சிராய்ப்போடு தப்பினேன். “என்ன சத்தம்?” என்று கேட்ட கணவரிடம் “அரக்கன் வந்துவிட்டான்” என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

அரக்கன் வந்தால் விளையாட்டு நிற்கலாம், ஆள் நிற்கலாம், பெல்ட் நிற்காது. அதனால் எதுவும் பாய்ந்து வராத இடமாகப் பார்த்து நடங்கள். கயிற்றை மாட்டாமல் ஏறவே ஏறாதீர்கள். டிரெட்மில்லுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அங்கே பீரோ இருந்தது, இப்போது இல்லை. உங்கள் ஹெட்செட் வெளிக் காட்சியைக் காட்டும் வகையாக இருந்தால், முதல் வாரம் அறையைப் பார்த்தபடியே நடந்து, விளையாட்டை எதிரே பெரிய திரையாக மட்டும் மிதக்கவிடுங்கள். மயக்கம் வருகிறவர்கள், மூட்டில் கோளாறு உள்ளவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி விளையாடினால் எனக்குக் குமட்டுகிறது. டிரெட்மில்லில் நடந்துகொண்டே விளையாடினால் இன்னும் மோசமாகுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பலருக்குக் குறையும். கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, காதுக்குள்ளே சமநிலையை உணரும் உட்காது ‘இல்லையே’ என்கிறது. அந்தச் சண்டைதான் குமட்டல். நடக்கும்போது காலும் கண்ணோடு சேர்ந்து சாட்சி சொல்கிறது. தவிர, உட்காது நேர்கோட்டில் உணர்வது வேகத்தை அல்ல, வேகம் மாறுவதை. சீராக நடந்தால் அதற்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. புறப்படும்போதும் நிற்கும்போதும் திரும்பும்போதும்தான் வயிறு புரளும். காட்சி வழுக்கிக்கொண்டே திரும்பாமல், ஒரே வெட்டில் 30 அல்லது 45 டிகிரி திரும்பும்படி மாற்றிவிடுங்கள், அமைப்புகளில் இருக்கும். முதல் நாள் ஐந்து நிமிடம். வியர்க்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் மறுநாள் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும். இறங்கியதும் தரை நகர்வதுபோல் இருக்கும், கைப்பிடியைப் பிடித்தபடி சற்று நில்லுங்கள்.

எல்லாத் திசையிலும் நடக்கக்கூடிய டிரெட்மில் வந்துவிட்டதாமே?
– கல்லூரி மாணவர், சேலம்

வந்து வெகுகாலம் ஆகிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து விர்ச்சுவிக்ஸ் நிறுவனம் 2013-இல் ஓம்னி என்ற கருவிக்காக, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. ஆனால் தம்பி, அதில் பெல்ட்டே இல்லை. வழுவழுப்பான கிண்ணம் போன்ற ஒரு தளம், வழுக்கும் காலணி, இடுப்பைப் பிடித்துக்கொள்ள வளையம். எட்டு வைத்தால் கால் வழுக்கி நடுவுக்கே திரும்பிவிடும். பாசி படிந்த படித்துறையில் நடந்தவர்களுக்கு அந்த நடை புரியும். நிஜமாகவே எல்லாப் பக்கமும் ஓடும் பெல்ட்டை இன்ஃபினாடெக் என்ற நிறுவனம் செய்திருக்கிறது. 2024 ஜனவரியில் டிஸ்னியின் ஆராய்ச்சியாளர் லானி ஸ்மூட், ஹோலோடைல் என்று ஒரு தரையைக் காட்டினார். சின்னஞ்சிறு வட்டத் துண்டுகள் சுழன்று, நடக்கிற ஆளை நடுவிலேயே வைத்திருக்கின்றன. விடுதி அறையில் அதற்கு இடம் பார்க்காதீர்கள்.

டிரெட்மில்லைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
– ஒரு வாசகர், விழுப்புரம்

1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். சிறைக் கைதிகளுக்காக. படி வைத்த பெரிய உருளையில் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கும் போய்ச்சேர முடியாது. 1898-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். புண்ணியவான் என்ற சொல்லை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எட்டு வயதுப் பேரன் தானும் நடப்பேன் என்று அடம் பிடிக்கிறான்.
– பாட்டி ஒருவர், கும்பகோணம்

கூடாது. மெட்டா நிறுவனமே தன் ஹெட்செட்டை 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தருவதில்லை. 10 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கும் பெற்றோர் கண்காணிப்பில்தான். ஓடும் பெல்ட்டில் அந்த வயதுப் பிள்ளையை ஹெட்செட் இல்லாமலும் ஏற்றாதீர்கள். சாவியைக் கழற்றி உங்கள் முந்தானையில் முடிந்துவையுங்கள்.

இத்தனை பாடு எதற்கு? வெளியே இறங்கி நடந்தால் என்ன?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

கொடைக்கானலில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். மே மாதம் திருச்சிக்கு வாருங்கள், எங்கள் தெரு நாய்களிடமும் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.