விருந்தாளிகள் போன பிறகும் கடைச் சாப்பாடு

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. கொழும்புக் கோட்டையில் வேலை, வீடு வெள்ளவத்தையில். கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வந்து ஒரு மாதம் நின்றது. புரியாணி, கொத்து, காலிமுகத்திடலில் இறால் வடை, இரவில் பலூடா என்று ஒரு நாளும் விடவில்லை. அவர்கள் போனதும் இரத்தம் சோதித்தேன். வெறுவயிற்றுச் சீனி 112. நிறையும் நாலு கிலோ கூடிவிட்டது. இப்போது மத்தியானம் பிளேன்ரீயும் பிஸ்கட்டும்தான். ஆனால் இரவு வீட்டுக்காரியும் நானும் வேலை முடிந்து களைத்து வருவதால் கிழமையில் நாலு நாளாவது கடைச் சாப்பாடுதான். என்ன செய்வது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: தம்பி, அந்தப் பிளேன்ரீ, பிஸ்கட் மத்தியானத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் சாப்பிட்டதைப் பட்டினி கிடந்து கழிக்க முடியாது. காலி வயிற்றோடு இரவு எட்டு மணிக்குக் கடை வாசலில் நிற்கும்போது, கொத்துப் போடுகிற சத்தம் கேட்டால் யாருக்குத்தான் இடியப்பம் நினைவுக்கு வரும்? என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் மத்தியானத்தை விட்டு இரவில் இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்கள்.

112 என்பது சீனி வருத்தம் இல்லை. வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்து, இன்னொரு சோதனையும் அதையே காட்டினால்தான் அந்தப் பெயர். ஆனால் 100ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், நீங்கள் அந்த இடத்தில் நிற்கிறீர்கள். ஏறிய நாலு கிலோவும் கொழுப்பு என்று பயப்பட வேண்டாம். உப்புக் கூடிய சாப்பாடு உடம்பில் தண்ணீரையும் பிடித்து வைக்கும். அந்தப் பங்கு சீக்கிரம் இறங்கும். மிச்சம் மெதுவாகத்தான் போகும்.

மத்தியானம் கோட்டையில் சோறு கறி சாப்பிடுங்கள். கொழும்புக் கடைகளில் கிடைப்பதில் அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. பருப்பு, ஒரு கீரை வறை, ஒரு பால்கறி, மீன் எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும். பிழை அளவில்தான் இருக்கிறது. பார்சலைப் பிரித்துப் பாருங்கள்: லஞ்ச் ஷீட் நிறையச் சோறு, ஓரத்தில் இரண்டு கரண்டி மரக்கறி, மேலே ஒரு பப்படம். அதனால் பார்சல் கட்ட முதலே சொல்ல வேண்டும். நான் சொல்வது இப்படி: "தம்பி, சிவப்பரிசிச் சோறு அரைவாசி போடுங்கோ, பருப்பும் வல்லாரைச் சம்பலும் கூடப் போடுங்கோ, பொரியல் வேண்டாம்." யாரும் முகம் சுளித்ததில்லை. கத்தரிக்காய் மோஜு மரக்கறிதானே என்று நினைக்காதீர்கள். கத்தரிக்காய் எண்ணெயில் பொரிந்து, அதைக் குடித்துவிட்டுத்தான் தட்டுக்கு வருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது.

இரவுக்கு வருவோம். கொத்துப் போடும் தட்டுக்கு முன்னால் ஒருமுறை நின்று பாருங்கள். முதலில் எண்ணெய், பிறகு முட்டை, வெங்காயம், வெட்டிய கோதுமை ரொட்டி, இறைச்சிக் குழம்பு, அப்புறம் மினுங்க வேண்டும் என்று மறுபடி எண்ணெய். மரக்கறி ஒரு கைப்பிடி கரட்டும் லீக்ஸும்தான். ஒரு பார்சல் தாராளமாக இரண்டு பேருக்குக் காணும். கொத்தை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது நம்முடைய ஊர்ச் சாப்பாடு. கிழமையில் ஒரு நாள், ஒரு பார்சலை இரண்டு பேரும் பகிர்ந்து, சீஸ் போடாமல் சாப்பிடுங்கள். வீட்டில் ஒரு வெள்ளரிக்காயும் தக்காளியும் வெட்டிப் பக்கத்தில் வைக்க ஐந்து நிமிடம் போதும். மற்ற நாட்களில் ஐந்தாறு சிவப்பு இடியப்பம், மீன் குழம்பு, சம்பல் வாங்குங்கள். சொதி கொஞ்சமாக. தோசை வேண்டுமென்றால் சாதாத் தோசை இரண்டு, சாம்பாரை நிறையக் கேளுங்கள். நெய் ரோஸ்ட் இப்போதைக்கு வேண்டாம். என்ன வாங்குவது என்பதை பஸ்ஸில் வரும்போதே வீட்டுக்காரியோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். கடைக்குள் போன பிறகு பசிதான் முடிவெடுக்கும்.

இன்னொன்று. உட்கார்ந்து சாப்பிடுகிற கடைகளில் கேட்காமலே ரோல்ஸ், கட்லட், வடை அடுக்கிய தட்டு மேசைக்கு வரும். எடுத்ததற்குத்தான் காசு என்றாலும், கண்முன்னால் இருந்தால் கை போகும். வந்த உடனேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் இருவருமாக ஒரு கால் மணி நேரம் நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி சோதனை செய்யுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாத இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும், முதல்நாள் சாப்பாட்டைப் பொறுத்து மாறாது. முடிவு எதுவானாலும் உங்கள் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கடையில் சோடாவுக்குப் பதிலாக பிரெஷ் ஜூஸ் குடித்தால் நல்லதுதானே? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: சீனி போடாமல் கேட்டால் மட்டும். பல கடைகளில் பழத்தோடு சீனிப்பாணியும் ஊற்றித்தான் அடிப்பார்கள். சோடாப் போத்தலிலாவது 2016 முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனி அளவுக்கு நிறக்குறி இருக்கிறது, ஜூஸ் கிளாஸில் அதுவும் இல்லை. முழுப் பழமாகச் சாப்பிடுவது மேல். தாகத்துக்குத் தண்ணீர், இல்லையென்றால் சீனி இல்லாத தேசிக்காய்த் தண்ணீர். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் செவ்விளநீரையும் அளவோடு குடியுங்கள்.