மர லேத்துக்கு 24 அங்குல டூல் ரெஸ்ட் வாங்கலாமா?

லேத்தோடு வந்த 6 அங்குல டூல் ரெஸ்ட்டை (கடையும்போது உளியைச் சாய்த்து வைக்கும் தாங்கி) வைத்து மேசைக் கால் கடைகிறீர்கள், ஒரு காலுக்கு நாலைந்து தடவை நிறுத்தி நகர்த்த வேண்டியிருக்கிறது, அதனால் ஒரேயடியாக 24 அங்குலம் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒற்றைத் தண்டு வைத்த 24 அங்குலம் வேண்டாம். 10 அல்லது 12 போதும்.

ரெஸ்ட்டைத் தாங்குவது நடுவில் இருக்கும் அந்த ஒரு தண்டுதான், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பது அந்தரத்தில் நிற்கிறது. 6 அங்குலத்தில் பக்கத்துக்கு 3, 12 அங்குலத்தில் பக்கத்துக்கு 6. நீட்டம் இரண்டு மடங்கானால், அதே கனமுள்ள கம்பி அதே அழுத்தத்துக்கு எட்டு மடங்கு வளையும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். நான் முதலில் வாங்கிய நீள ரெஸ்ட் மெல்லிய பட்டையில் செய்தது. நடுவில் உளி வழுக்கிக்கொண்டு போகும், முனைப் பக்கம் வந்ததும் கடகடவென்று சத்தம், மரத்தில் சுருள் சுருளாக வரி. உளிதான் மழுங்கிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை சாணை பிடித்தேன். அப்புறம் தற்செயலாக இடது கைக் கட்டைவிரல் ரெஸ்ட்டின் முனையில் பட்டபோதுதான் தெரிந்தது, ஆடுவது ரெஸ்ட்! ஆகவே நீளத்தைவிட முக்கியம் உடம்பின் கனம், குறிப்பாகத் தண்டும் மேல்கம்பியும் சேரும் இடத்தில் நல்ல சதைப்பற்று இருக்க வேண்டும். 24 அங்குலம் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு தண்டு உள்ளதாகப் பாருங்கள், ஆனால் அதற்கு இரண்டு பாஞ்சோ (ரெஸ்ட்டின் தண்டை நுழைத்து இறுக்கும், லேத்தின் மேல் நகரும் பிடி) வேண்டும், இரண்டையும் வரிசையாக நிறுத்துவது தனி வேலை.

நீளத்தை முடிவு செய்யும் முன்பே அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று தண்டின் விட்டம். சின்ன லேத்துகளில் பெரும்பாலும் 5/8 அங்குலம், பெரியவற்றில் 1 அங்குலம், இடையில் வேறு அளவுகளும் உண்டு. அளவுகோலை வைத்து உத்தேசமாகப் பார்க்காமல் காலிப்பரில் அளந்துவிடுங்கள். தண்டு சிறிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஒரு புஷ் (குழாய் வளையம்) போட்டுச் சமாளிக்கலாம், பெரிதாக இருந்தால் ஓட்டைக்குள் இறங்கவே இறங்காது.

இரண்டாவது உயரம், பலர் கோட்டைவிடுவது இதில்தான். பாஞ்சோவின் மேல்முகத்திலிருந்து லேத்தின் மையக்கோடு (கட்டை சுழலும் அச்சு) வரை எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். தண்டு தொடங்கும் இடத்திலிருந்து ரெஸ்ட்டின் மேல்விளிம்பு வரை உள்ள உயரம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அதுவும் உங்கள் உளியின் கனம் அளவுக்காவது குறைவாக. 'மையம் வரைக்கும் வருகிறதே' என்று வாங்கிவிட்டால், மேலே உளியை வைத்ததும் வெட்டும் முனை மையத்துக்கு மேலே ஏறிவிடும், ரெஸ்ட்டை இறக்கவும் வழியில்லை. தண்டு நீளமாகி லேத்தின் படுக்கையில் (பாஞ்சோ நகரும் அடிப்பாகம்) இடித்தால் கவலையே இல்லை, ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிடலாம். குட்டையாக இருந்தால்தான் சிக்கல், ரெஸ்ட்டை உயர்த்தும்போது பாஞ்சோவின் பிடியில் நிற்க ஒன்றும் மிஞ்சாது.

மேல்விளிம்பில் கடினப்படுத்திய உருண்டைக் கம்பி வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். சாதா வார்ப்பிரும்பு என்றால் உளியின் கூர்மூலை பட்டுப் பட்டுச் சின்னச் சின்னப் பள்ளம் விழும். விரலால் தடவினால் நகத்தில் மாட்டும். ஸ்க்யூ உளியை (சாய்வான வாய் உள்ள உளி) தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பள்ளத்தில் ஒரு நொடி நிற்கும், அந்தத் தடுக்கல் அப்படியே மரத்தில் பதியும். அரம் போட்டுச் சமன் செய்து கொஞ்சம் மெழுகு தேய்த்தால் சரியாகிவிடும், அவ்வப்போது செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பழைய 6 அங்குலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிண்ணம் கடையும்போது நீள ரெஸ்ட் உள்ளே நுழையாது, வளைவுக்கு நெருக்கமாகவும் போகாது. கடைசலில் குட்டையான சாமான் மாட்டினாலும் நீளமானது ஹெட்ஸ்டாக்கிலோ (கட்டையைச் சுழற்றும் முனை) டெயில்ஸ்டாக்கிலோ (மறுமுனையைத் தாங்கும் பகுதி) போய் இடிக்கும்.

12 அங்குலம் வந்த பிறகும் மேசைக் காலுக்கு இரண்டு தடவையாவது நகர்த்தத்தான் வேண்டும். லேத்தை நிறுத்திவிட்டு நகர்த்துங்கள், நாலு மூலையும் இன்னும் உருண்டையாகாத கட்டை என்றால் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் தட்டவில்லை என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். நீள ரெஸ்ட்டில் நடுவில் இடைவெளி சரியாக இருக்கும், கோணம் லேசாகத் திரும்பியிருந்தால் ஒரு முனை மட்டும் மரத்தில் போய் முட்டும்.