அப்பாவின் புரோநோட்டுக் கடன்: பவர் வைத்திருக்கும் மகன் புது நோட்டில் கையெழுத்துப் போடலாமா?

குடியாத்தத்தில் இருக்கும் அப்பா புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) போட்டு 3 லட்சம் வாங்கியிருக்கிறார்; அவருடைய பவர் (அவர் சார்பில் செயல்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கும் உங்களைப் பைனான்ஸ்காரர் இப்போது புது நோட்டில் கையெழுத்துக் கேட்கிறார் என்றால், போடாதீர்கள். பவர் இருப்பதால் அந்த 3 லட்சம் உங்கள் கடனாகிவிடாது. நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால்தான் சிக்கல். ஆனால் ஏஜெண்டாகப் போடும் கையெழுத்து அப்பாவைக் கட்டும். காலாவதியான கடனுக்குக்கூட அது உயிர் கொடுத்துவிடும்.

பைனான்ஸ்காரர் திடீரென அவசரப்படுவதற்குக் காரணம் அநேகமாகக் கோர்ட்டில் வழக்குப் போட அவருக்கு இருக்கும் 3 வருடக் கெடுதான். நோட்டை நேரில் வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். "வரவு ரூ. 2,000" என்று தேதியோடு அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? கெடு முடிவதற்குள் அப்படிக் கட்டியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க விடவில்லை என்றால் அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம், ஒரு கடன் வெளியே வந்தால் இன்னும் இரண்டு உள்ளே இருக்கலாம். என் மாமனாரின் அடகுச் சீட்டுகள் பஞ்சாங்கத்துக்குள் மடித்துக் கிடந்தன! பாஸ்புக்கில் மாதாமாதம் ஒரே தொகை வெளியேறுகிறதா, பாருங்கள். வீட்டுக்கு வில்லங்கம் (சொத்தின் பதிவு விவரம்) போட்டுப் பாருங்கள், அப்பாவின் சிபில் அறிக்கையும் (வங்கிக் கடன் விவரம்) எடுங்கள். தனியாரிடம் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் சும்மா கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் இரண்டிலும் வராது. மூலப்பத்திரம் பீரோவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று: அப்பாவுக்குப் புத்தித் தெளிவு போய்விட்டால் இந்தப் பவர் செல்லாது. அவர் தெளிவாக இருக்கும்போதே உட்கார்த்தி வைத்துக் கேளுங்கள். நோட்டின் போட்டோவை வேலூர் கோர்ட்டில் ஒரு சிவில் வக்கீலிடம் காட்டிவிட்டு, அப்புறம் பேச்சுவார்த்தைக்குப் போங்கள்.