மன அழுத்தம் கூடும்போது மருந்தில்லாமல் அமைதியாக இருக்க என்ன செய்யலாம்?

நாகர்கோவிலில் போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகவும், அடிக்கடி நெஞ்சு படபடப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் மூச்சைக் கவனியுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வயிற்றில் கை வைத்தால் அது எழும்பித் தாழ்வது தெரியும். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். ஐந்து நிமிடம் போதும்.

சாயங்காலம் சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரை மணலில் நடங்கள். கடலில் இறங்க வேண்டாம், அலை இழுக்கும்.

அப்புறம், சாயங்காலம் ஆறு மணிக்கு டீ குடிப்பதாக இருந்தால் அதை விடுங்கள். டீயிலுள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரமாகும். காப்பிப்பொடி சேர்க்காமல் சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

இரண்டு வாரமாகியும் தூக்கமில்லை என்றால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.