பால் நான்கு டம்ளர், ஹீமோகுளோபின் 9.4: பிள்ளை ஏன் சாப்பிட மறுக்கிறான்?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. சோறு, இட்லி எதையும் இரண்டு வாய்க்கு மேல் வாங்க மாட்டான். செல்போனில் படம் ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். சாப்பிடவில்லையே என்று சர்க்கரையும் பவுடரும் போட்டு நாளைக்கு நான்கு டம்ளர் பால் கொடுக்கிறோம். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9.4. இவ்வளவு பால் குடித்தும் ரத்தம் ஏன் குறைகிறது? பசிக்கு டானிக் கொடுக்கலாமா?

பதில்: சாப்பிடாததால் பால் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்குத் தலைகீழ். பால் வயிற்றை அடைத்துக்கொள்வதால்தான் சோறு இறங்குவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மி.லி. பசும்பாலில் ஏறக்குறைய 130 கலோரி. இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் அதே அளவு பவுடரும் சேர்ந்தால் 200ஐத் தொடும். நான்கு டம்ளருக்கு 800. இந்த வயதுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன தேவை, நாளுக்குச் சுமார் 1,360 கலோரி. பாதிக்கு மேல் டம்ளரிலேயே தீர்ந்துவிடுகிறது. பசி எங்கிருந்து வரும்?

ரத்தம் குறைவதற்கும் இதே பால் காரணமாக இருக்கலாம். பால் நல்ல உணவுதான். ஆனால் ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. உங்கள் மகனுக்கு நாளுக்கு வேண்டியது 11 மி.கி. போதாததற்குப் பாலின் கால்சியமும் கேசீன் புரதமும் மற்ற உணவில் வரும் இரும்பையும் குடல் சரியாக உறிஞ்ச விடுவதில்லை. இரும்பு குறைந்தால் பசி மந்தமாகும், பசி மந்தமானால் மறுபடியும் பால் டம்ளர். இந்தச் சுழலில் எத்தனையோ வீடுகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

முதல் வேலை, பாலை மொத்தமாக 400 மி.லி.க்குள் கொண்டுவருவது. ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரணகளமாகும். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய டம்ளரை முதலில் நிறுத்துங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. மிச்சமுள்ள பாலைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் கொடுங்கள். பவுடர் தேவையே இல்லை. தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேரன் அழுதால் அவர்கள் மனம் தாங்காது, கை தானாக டம்ளருக்குப் போகும்.

பசி வந்த பிறகு தட்டில் என்ன வைப்பது? பருப்பு போட்ட முருங்கைக்கீரைக் கூட்டு, கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு. அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சை பிழியுங்கள்; கொதியில் வைட்டமின் சி வீணாகும், அந்தச் சி இருந்தால்தான் கீரையின் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ தந்தாலும் சரி. அசைவம் உண்டென்றால் வாரம் ஒரு தடவை கோழி ஈரல். பிஸ்கட் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் டீயை மட்டும் நிறுத்திவிடுங்கள், அது இரும்பைத் தடுக்கும்.

செல்போன் வேண்டாம். எல்லாரும் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு சின்னத் தட்டு, அவன் கையாலேயே. இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்; கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். என்ன, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது அவன் முடிவு. புதுக் காயை ஒரு பிள்ளை ஏற்கப் பத்துத் தடவைகூட ஆகும், இரண்டாம் நாளே கைவிட்டுவிடாதீர்கள்.

பசி டானிக்கைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். பலவற்றில் இருக்கும் சைப்ரோஹெப்டடின் அடிப்படையில் ஒவ்வாமை மருந்து, தூக்கம் வரவழைக்கும். அதே சமயம், 9.4ஐ உணவால் மட்டும் ஏற்றுவதும் கடினம். இந்த வயதில் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். குழந்தை மருத்துவர் எடை பார்த்து இரும்பு சிரப் எழுதுவார், பூச்சி மருந்து வேண்டுமா என்றும் சொல்வார். சிரப்பைப் பாலோடு கொடுக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்த அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஒரு மாதத்தில் மறுபடி பரிசோதியுங்கள். ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராமாவது, அதாவது 9.4 என்பது 10.4 ஆகவாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியா போன்ற வேறு காரணம் உண்டா என்று மருத்துவர் தேடுவார். மண், சாக்பீஸ், பச்சரிசி என்று அவன் எதையாவது வாயில் போடுகிறானா என்றும் கவனியுங்கள். அதுவும் இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அடிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.